சிம் கார்டு வழியாக இரண்டு கருவிகளைப் பேசவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சில கிலோமீட்டர் தள்ளிக் கிணறும் மோட்டாரும். தொட்டியில் நீர்மட்டம் அளக்க ஒரு போர்டு (சிறு கணினிப் பலகை), மோட்டார் பக்கத்தில் ரிலேயோடு, அதாவது மின்சாரத்தை இயக்கி அணைக்கும் சுவிட்சோடு, இன்னொரு போர்டு. இடையில் கம்பி இழுக்க வழியில்லை, வைஃபை எட்டாது. இரண்டிலும் ஒவ்வொரு சிம் போட்டு மொபைல் டேட்டாவில் பேசவைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் மேசைமேல் இரண்டு போர்டும் பேசிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இணைப்பு அறுந்துபோனது தெரியாமலே ஒரு கருவி மணிக்கணக்கில் காத்திருக்கும்; அதற்குள் தொட்டி வழிந்துகொண்டிருக்கும். இந்தத் தொட்டி, மோட்டார் உதாரணத்தையே வைத்துக்கொண்டு, இணைப்பு எப்போது வேண்டுமானாலும் போகும் என்ற கணக்கோடு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

ஒரு குறிப்பு: மோடம் என்பது சிம்மைக் கொண்டு மொபைல் நெட்வொர்க்கோடு பேசும் பாகம். அதற்கான கட்டளைகளை இங்கே எழுத்து எழுத்தாக உச்சரிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கொடுங்கள்.

படி 1: நேரடியாகப் பேச முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்

'மோட்டார் போர்டின் ஐபி முகவரி என்ன? அதற்கு அனுப்பிவிட்டால் போதுமே?' புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மொபைல் நிறுவனம் சிம்முக்குத் தரும் முகவரி பெரும்பாலும் பொது முகவரி கிடையாது. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் பற்றாக்குறையாகிவிட்டதால், ஏராளமான சிம்களைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் நிறுத்திவைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு சிஜிநாட் என்று பெயர். இதற்கென்றே 2012-ல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள முகவரிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் மோடம் இந்த வரிசையில் உள்ள முகவரியையோ 10-ல் தொடங்கும் முகவரியையோ காட்டினால், நீங்களும் அதற்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். பெரிய அலுவலகத்தில் மேசைத் தொலைபேசியிலிருந்து வெளியே யாரையும் அழைக்கலாம், வெளியிலிருந்து அந்த மேசைக்கு நேராக அழைப்பு வராது, அதே நிலைமை.

புதிய வகையான ஐபிவி6 கிடைத்தால் பொது முகவரி வரும். ஆனாலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை நிறுவனத்தின் ஃபயர்வால் தடுப்பது சகஜம். யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே தகவல் அனுப்பும் முறை) வழியாக இந்தத் தடுப்பில் துளை போடும் உத்தியும், இரண்டு பக்கமும் கண்டிப்பான நாட் (முகவரி மாற்றும் பெட்டி) இருந்தால் வேலை செய்யாது. ஆகவே இரண்டு கருவிகளுமே வெளியே வந்து, ஒரு பொது இடத்தில் சந்திக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, பொது முகவரியுள்ள சர்வரில் ஒரு எம்க்யூடிடி புரோக்கர். எம்க்யூடிடி என்பது சிறு செய்திகளை அனுப்பும் நெறிமுறை; ஒரு கருவி ஒரு தலைப்பில் (டாபிக்) அனுப்புவதை, அந்தத் தலைப்பைக் கேட்கும் கருவிக்குப் புரோக்கர் சேர்க்கும். இரண்டாவது, அதே மாதிரி சர்வரை மையமாக வைத்து வயர்கார்டு விபிஎன், அதாவது இணையத்துக்குள் குறியாக்கம் செய்த தனி வலை. மூன்றாவது, நிறுவனத்திடம் தனி ஏபிஎன் (சிம் எந்த டேட்டா வலையில் சேர வேண்டும் என்று சொல்லும் பெயர்) வாங்கி, சிம்களை மூடிய வலையில் போடுவது. நூற்றுக்கணக்கில் சிம் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். நான்காவது எஸ்எம்எஸ். அது எப்போது வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் டேட்டா செத்துக் கிடக்கும்போது 'எழுந்திரு' என்று தட்டி எழுப்ப நல்லது.

சின்ன மைக்ரோகண்ட்ரோலர் (ஒற்றைச் சிப் கணினி) என்றால் யோசிக்காமல் எம்க்யூடிடி எடுங்கள். 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்கத்தான் அது உருவானது. விலை அதிகம், வேகம் குறைவு, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பு. நம் நிலைமையும் ஏறத்தாழ அதுதான்.

படி 2: மோடமைத் தேர்ந்தெடுங்கள்

சிம்800எல் என்ற மோடம் மலிவு, இணையத்தில் உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அது 2ஜி மட்டும். பல நாடுகளில் 2ஜி, 3ஜி இரண்டையும் மூடிவிட்டார்கள். பல வருடம் ஓட வேண்டிய கருவிக்கு அதை வாங்காதீர்கள்.

எல்டிஇ (4ஜி) கேட்-1 வகைதான் இன்றைக்குப் பத்திரமான தேர்வு. கீழிறக்கம் 10 எம்பிபிஎஸ், மேலேற்றம் 5 எம்பிபிஎஸ். சாதாரண 4ஜி கோபுரத்தோடு அப்படியே பேசும். சிம்காமின் ஏ7670, குவெக்டெலின் இசி200யு போன்றவை இந்த வகை. எல்டிஇ-எம், என்பி-ஐஓடி இரண்டும் சிறு கருவிகளுக்கான வகைகள்; மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின், 2016-ல் இறுதியான 13-ஆம் வெளியீட்டில் வந்தவை. மின்சாரம் குறைவாகத் தின்னும். பேட்டரியில் ஓடி, எப்போதாவது ஒரு அளவீட்டை அனுப்பும் சென்சாருக்கு அவை அருமை. ஆனால் உங்கள் சிம்முக்கும் இடத்துக்கும் அந்தச் சேவை கிடைக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் மோடம் ஆதரிக்கும் அலைவரிசைப் பட்டியலையும் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு பிராந்தியங்களுக்கு வெவ்வேறு வகைகள் விற்கிறார்கள். வேறு பிராந்தியத்து மோடமை எவ்வளவு திட்டினாலும் அது கோபுரத்தைப் பிடிக்காது.

படி 3: மின்சாரமும் ஆன்டெனாவும்

'நெட்வொர்க் சரியில்லை' என்று வரும் புகார்களில் பல, தோண்டிப் பார்த்தால் மின்சாரப் பிரச்சினையாக இருக்கும். 2ஜி அலைபரப்பில் மோடம் 577 மைக்ரோவினாடி நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். 4ஜி மோடமுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் 2ஜிக்கு இறங்கும் வசதி அதில் இருந்தால் அந்த 2 ஆம்பியரைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும்.

ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 ஆம்பியரை 577 மைக்ரோவினாடிக்குக் கெப்பாசிட்டர் மட்டுமே கொடுத்தால் மின்னழுத்தம் 1.15 வோல்ட் விழும். பல மோடம்கள் 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனதும் அணைந்துவிடும். எனவே மின்னழுத்தத்தை நிலையாக வைத்து மின்சாரம் தரும் ரெகுலேட்டரே 2 ஆம்பியர் தர வேண்டும். கெப்பாசிட்டர் அதற்குத் துணை. மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து மோடமுக்கு மின்சாரம் எடுக்கவே எடுக்காதீர்கள். சீரியல் கம்பிகளையும் கவனியுங்கள்: புதிய மோடம்களில் பலவற்றின் சிக்னல் அளவு 1.8 வோல்ட். நேராக 3.3 வோல்ட் கொடுத்தால் மோடமின் பின் கெட்டுவிடும். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் போடுங்கள்.

மோடமின் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்க ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வையுங்கள். முற்றிலும் உறைந்துபோன மோடம், அதை அணைத்து ஏற்றும் பவர்-கீ பின்னுக்குச் சில சமயம் அசைந்துகொடுக்காது. படி 9-ல் இந்த மாஸ்ஃபெட் உங்களைக் காப்பாற்றும்.

ஆன்டெனா உலோகப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஆன்டெனா ஒயரை மாட்டும் குட்டி யு.எஃப்.எல் கனெக்டரைச் சும்மா சும்மா கழற்றி மாட்டாதீர்கள். சுமார் 30 தடவைக்குத்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

படி 4: மோடமோடு கையால் பேசுங்கள்

நிரல் எழுதும் முன், யுஎஸ்பி சீரியல் ஒயர் வழியாக மோடமைக் கணினியில் இணைத்து ஒவ்வொரு கட்டளையாகக் கொடுத்துப் பாருங்கள். இதைச் செய்தவர்களுக்குப் பின்னால் வரும் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று உடனே தெரியும். தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் 'ஏடி+சிஎம்இஇ=2'. இதைக் கொடுத்தால் பிழைகளை எண்ணாகச் சொல்லாமல் சொற்களில் சொல்லும். அடுத்து 'ஏடி+சிபிஐஎன்?', ரெடி என்று வர வேண்டும். சிம்மில் பின் எண் பூட்டு இருந்தால் ஒரு தொலைபேசியில் போட்டு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஏபிஎன் அமைக்கும் வரிசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2ஜியில் நெட்வொர்க்கில் பதிந்த பிறகு ஏபிஎன் கொடுத்தால் போதும். எல்டிஇயில் பதியும்போதே டேட்டா பாதையும் சேர்ந்து உருவாகிறது. ஏபிஎன் தப்பாக இருந்தால் பதிவே மறுக்கப்படலாம். அதனால் 'ஏடி+சிஎஃப்யுஎன்=4' கொடுத்து ரேடியோவை அணைத்து, 'ஏடி+சிஜிடிசிஓஎன்டி=1' என்ற கட்டளையில் ஐபி வகையையும் ஏபிஎன் பெயரையும் எழுதி, பிறகு 'ஏடி+சிஎஃப்யுஎன்=1' கொடுங்கள்.

'ஏடி+சிஇஆர்இஜி?' கேட்டால் வரும் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 1 என்றால் சொந்த நெட்வொர்க், 5 என்றால் ரோமிங். இரண்டுமே நல்ல பதில். 2 என்றால் இன்னும் தேடுகிறது. 3 என்றால் மறுத்துவிட்டார்கள்: சிம் செயல்படுத்தப்படவில்லை, திட்டம் முடிந்துவிட்டது, அல்லது ஏபிஎன் தப்பு.

சிக்னலுக்கு 'ஏடி+சிஎஸ்க்யூ'. 0 முதல் 31 வரை எண் வரும். அதை இரண்டால் பெருக்கி 113-ஐக் கழித்தால் சிக்னல் வலிமையின் டிபிஎம் அளவு. 99 என்றால் தெரியவில்லை என்று பொருள். எல்டிஇக்கு இதைவிட ஆர்எஸ்ஆர்பி, அதாவது கோபுரத்தின் குறிப்புச் சிக்னல் வலிமை, நம்பகமானது. மைனஸ் 90 டிபிஎம்முக்கு மேல் இருந்தால் நிம்மதி, மைனஸ் 110க்குக் கீழே போனால் ஆன்டெனாவை இடம் மாற்றுங்கள். கடைசியாக 'ஏடி+சிஜிபிஏடிடிஆர்=1' கொடுத்தால் கிடைத்த ஐபி முகவரி தெரியும். படி 1-ல் சொன்னது இங்கே கண்ணால் தெரிந்துவிடும்.

படி 5: டிசிபி எங்கே ஓட வேண்டும்?

இரண்டு வழி. மோடமுக்குள்ளேயே இருக்கும் டிசிபி (செய்திகள் வரிசையாகப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை), எம்க்யூடிடி கட்டளைகளைப் பயன்படுத்தலாம். அல்லது பிபிபி (சீரியல் கம்பி வழியே இணையத் தகவலைக் கடத்தும் முறை) வழியாக மோடமை வெறும் குழாயாக வைத்து, டிசிபியையும் டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையையும் உங்கள் போர்டிலேயே ஓட்டலாம்.

முதல் வழி சின்னப் போர்டுகளுக்கு எளிது. ஆனால் அந்தக் கட்டளைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இஎஸ்பி32 அளவுக்கு வசதியுள்ள போர்டு இருந்தால் பிபிபியையே தேர்ந்தெடுங்கள். நாளைக்கு மோடம் மாற்ற வேண்டி வந்தால் மேலே எழுதிய நிரல் அப்படியே நிற்கும், சான்றிதழ் (எதிர்ப்பக்கம் யார் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் அடையாளம்) சரிபார்ப்பும் உங்கள் கையில் இருக்கும். லினக்ஸ் போர்டு என்றால் மோடம்மேனேஜர் என்ற நிரலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

படி 6: புரோக்கரை அமையுங்கள்

சின்ன கிளவுட் சர்வர் ஒன்றில் மொஸ்கிட்டோ என்ற புரோக்கர் நிரலை நிறுவினால் போதும். 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, அமைப்புக் கோப்பில் எதுவும் சொல்லாவிட்டால் அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் ஏற்கும். 'வெளியிலிருந்து இணையவே மாட்டேன் என்கிறது' என்று பலர் முட்டிக்கொள்வது இங்கேதான். 8883 போர்ட்டில் டிஎல்எஸ்ஸோடு கேட்கச் சொல்லுங்கள். குறியாக்கம் இல்லாத 1883-ஐ வெளியே திறக்காதீர்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்றிதழ் கொடுங்கள். ஒன்று திருடுபோனால் அதை மட்டும் ரத்து செய்யலாம். எந்தக் கருவி எந்த டாபிக்கில் எழுதலாம், எதைப் படிக்கலாம் என்று அனுமதிப் பட்டியலும் எழுதுங்கள். தொட்டி போர்டு மட்டும்தான் மோட்டாருக்குக் கட்டளை அனுப்பலாம், வேறு யாருக்கும் உரிமையில்லை. 2016-ல் இணையத்தை உலுக்கிய மிராய் என்ற தீநிரலின் தாக்குதலுக்குப் பயன்பட்டவை, ஆலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களும் ரவுட்டர்களும்தான். நம் கருவி சிறியதுதானே என்ற சமாதானம் செல்லாது.

சான்றிதழில் இரண்டு கண்ணிகள். முதலாவது நேரம்: போர்டு இப்போதுதான் எழுந்திருந்தால் அதன் கடிகாரம் 1970 என்று காட்டும், அப்போது எந்தச் சான்றிதழும் செல்லாது. இணையும் முன் 'ஏடி+சிசிஎல்கே?' மூலமாகவோ என்டிபி (இணையவழி நேரச் சேவை) மூலமாகவோ நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மற்றச் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக நிற்கும் மூலச் சான்றிதழின் ஆயுள். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அதை மட்டும் நம்பியிருந்த பழைய கருவிகள் பலவற்றின் இணைப்பு நின்றுபோனது. சர்வரும் கருவியும் இரண்டுமே உங்களுடையவை என்பதால், நீண்ட ஆயுளோடு உங்கள் சொந்த மூலச் சான்றிதழை உருவாக்கிக்கொள்வதே நல்லது.

படி 7: செய்தியை வடிவமையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஊன்றிப் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

'ஓடு' என்று ஒரு கட்டளை, 'நில்' என்று ஒரு கட்டளை. இப்படித்தான் எல்லோரும் முதலில் எழுதுவார்கள். 'ஓடு' போய்ச் சேர்ந்து, 'நில்' அனுப்பும் நேரத்தில் கோபுரம் அணைந்துவிட்டால்? மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பதிலாகக் கட்டளையை ஒரு கால அனுமதியாக மாற்றுங்கள். தொட்டி நிறையும் வரை தொட்டி போர்டு 60 வினாடிக்கு ஒருமுறை 'இன்னும் 180 வினாடி ஓடலாம்' என்று அனுப்பட்டும். மோட்டார் போர்டு ஒவ்வொரு முறையும் தன் கணக்கை 180-க்குத் திரும்ப வைத்துக்கொண்டு இறக்கிக்கொண்டே வரட்டும். சுழியைத் தொட்டால் ரிலே அணையும். ஒரு செய்தி தொலைந்தாலும் மோட்டார் ஓடும், இணைப்பே போனால் மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். எதை அணைப்பது பத்திரம் என்பது கருவிக்குக் கருவி மாறும். ஆனால் இணைப்பு போனால் எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் பெறும் பக்கமே முடிவு செய்ய வேண்டும். இதோடு, சென்சார் பொய் சொன்னாலும் தாண்ட முடியாத உச்ச ஓட்ட நேரம் ஒன்றையும் மோட்டார் போர்டிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம், தாமதம். மொபைல் இணைப்பு தொங்கும்போது டிசிபி செய்திகளைத் தாங்கியில் (பஃபரில்) வைத்திருந்து, இணைப்பு மீண்டதும் மொத்தமாகக் கொட்டும். பத்து நிமிடம் பழைய 'ஓடலாம்' இப்போது வந்து சேரும். எனவே ஒவ்வொரு கட்டளையிலும் அனுப்பிய நேரத்தைச் சேருங்கள். 60 வினாடிக்கு மேல் பழையதானால் மோட்டார் போர்டு அதைத் தூக்கிப் போடட்டும். எம்க்யூடிடி 5-ல் செய்திக்குக் காலாவதி நேரமும் குறிக்கலாம். புரோக்கரில் தேங்கிக் கிடப்பதை அது தடுக்கும். மோடம் தாங்கியில் கிடப்பதற்கு நேர முத்திரைதான் மருந்து.

எம்க்யூடிடியின் தர நிலை 1-ல், அதாவது செய்தி குறைந்தது ஒருமுறையாவது போய்ச் சேர வேண்டும் என்ற அமைப்பில், ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். மேலே சொன்ன கால அனுமதி இரண்டு தடவை வந்தாலும் கெடுதல் இல்லை. 'நிலையை மாற்று' என்ற மாதிரிக் கட்டளை இரண்டு தடவை வந்தால் கதை முடிந்தது. அதை எழுதவே எழுதாதீர்கள்.

புரோக்கரில் தங்கவைக்கும் வசதியை, அதாவது ரிடெய்ன் கொடியை, நிலை அறிவிப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 'மோட்டார் ஓடுகிறது', 'நீர்மட்டம் 62 சதவீதம்' போன்றவை தங்கலாம். கட்டளைகள் தங்கக் கூடாது. மோட்டார் ஓடுகிறதா என்பதையும் ரிலேயை வைத்துச் சொல்லாதீர்கள். கரன்ட் சென்சார் ஒன்றை மாட்டி, உண்மையில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, கிளையன்ட் ஐடி, அதாவது புரோக்கரிடம் ஒவ்வொரு கருவியும் சொல்லும் பெயர். இரண்டு போர்டிலும் ஒரே ஃபர்ம்வேரை (போர்டில் ஓடும் நிரலை) ஏற்றி ஐடியை மாற்ற மறந்தால், ஒன்று உள்ளே வரும்போது புரோக்கர் மற்றதை வெளியே தள்ளும். வெளியே போனது திரும்ப வந்து இதைத் தள்ளும். பார்ப்பதற்கு மோசமான சிக்னல் போலவே இருக்கும். மோடமின் ஐஎம்இஐ எண்ணிலிருந்து ஐடியை உருவாக்கினால் இந்தத் தலைவலி வராது.

படி 8: உயிர்த்துடிப்பும் டேட்டா செலவும்

சிஜிநாட் பெட்டி, சும்மா இருக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் மறந்துவிடலாம். மறந்ததை உங்களுக்குச் சொல்லாது. அதனால் அவ்வப்போது ஒரு சிறு துடிப்பு போக வேண்டும். ஒரு துடிப்பும் பதிலும் டிசிபி, ஐபி தலைப்புகளோடு சேர்த்து சுமார் 160 பைட் என்று வையுங்கள். டிஎல்எஸ் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 230 கிலோபைட், மாதம் சுமார் 7 மெகாபைட். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் மாதம் 1.4 மெகாபைட்.

எவ்வளவு இடைவெளி தாங்கும் என்பதை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். கருவி சர்வரோடு இணைந்து அமைதியாக இருக்கட்டும். சர்வர் 1, 2, 4, 8 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு செய்தி அனுப்பட்டும். எந்த இடைவெளியில் செய்தி வராமல் போகிறதோ, அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

புரோக்கர், குறித்த இடைவெளியின் ஒன்றரை மடங்கு காத்திருந்துதான் கருவி போய்விட்டதாக முடிவு செய்து, அதன் கடைசி விருப்பச் செய்தியை (தான் போய்விட்டால் அறிவிக்கும்படி கருவி முன்பே கொடுத்துவைத்ததை) வெளியிடும். 300 வினாடி வைத்தால் அடுத்தவருக்குச் செய்தி தெரிய 450 வினாடி ஆகும். பாதுகாப்புக்கு அதை நம்ப முடியாது. படி 7-ன் கால அனுமதிதான் பாதுகாப்பு.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் புதிதாக இணைந்து அறுப்பது சிக்கனம் போலத் தெரியும். டிஎல்எஸ் கைகுலுக்கலுக்கே சில கிலோபைட் போய்விடும் என்பதால், அடிக்கடி பேசும் கருவிக்கு அது நஷ்டம். பேட்டரியில் ஓடி மணிக்கு ஒருமுறை மட்டும் பேசும் சென்சாருக்கு, பிஎஸ்எம் என்ற மின்சேமிப்பு உறக்கத்தோடு சேர்த்து அது சரிவரும். பிஎஸ்எம்மில் இருக்கும் கருவியை வெளியிலிருந்து எழுப்ப முடியாது. கட்டளைக்குக் காத்திருக்கும் மோட்டார் போர்டில் அதை இயக்காதீர்கள்.

படி 9: மீண்டும் இணைவது

மோடம் 'இணைந்திருக்கிறேன்' என்று சொல்வதை நம்பாதீர்கள். கருவி தனக்கென்று ஒரு டாபிக்கில் செய்தி அனுப்பி, அதையே தானும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அனுப்பியது புரோக்கர் வரை போய்த் திரும்பி வந்தால்தான் இணைப்பு உயிரோடு இருக்கிறது.

திரும்பாவிட்டால் படிப்படியாக இறங்குங்கள். முதலில் எம்க்யூடிடியை மட்டும் மறுபடி இணையுங்கள். முடியாவிட்டால் டேட்டா பாதையை மூடித் திறவுங்கள். அப்புறம் ரேடியோவை அணைத்து ஏற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாஸ்ஃபெட் வழியாக மோடமின் மின்சாரத்தைப் பத்து வினாடி துண்டியுங்கள். கடைசியில் போர்டையே மறுதொடக்கம் செய்யுங்கள். மறுதொடக்கத்தின்போது ரிலே பின் ஒரு கணம்கூட 'ஆன்' ஆகாதபடி புல்-டவுன் ரெசிஸ்டர் போட்டிருக்க வேண்டும்.

முயற்சிகளுக்கிடையே உள்ள இடைவெளியை 5, 10, 20 வினாடி என்று இரட்டித்து, 10 நிமிடத்துக்கு மேல் கூட்டாமல் முயன்றுகொண்டே இருங்கள். ஒவ்வொன்றிலும் சற்றுத் தற்செயல் நேரம் சேருங்கள். மின்வெட்டு முடிந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் புரோக்கரை மொய்க்காமல் இருக்க அது வேண்டும். விடாமல் நெட்வொர்க்கைத் தட்டிக்கொண்டிருக்கும் சிம்மை நிறுவனம் முடக்கிவிடவும் வாய்ப்புண்டு.

படி 10: வயர்கார்டு எப்போது?

இரண்டு பக்கமும் லினக்ஸ் போர்டு, அல்லது மோட்பஸ் டிசிபி (தொழிற்சாலைக் கருவிகளின் நெறிமுறை) பேசும் பழைய கருவிகள் என்றால் வயர்கார்டு வசதி. இரண்டும் சர்வரோடு இணைந்து நிலையான தனி முகவரி பெறும், பிறகு ஒரே வலையில் இருப்பது போலப் பேசலாம். நிலையான துடிப்பை 25 வினாடிக்கு வைப்பது வழக்கம்.

கடிகார பேட்டரி இல்லாத போர்டில் மட்டும் கவனம் தேவை. வயர்கார்டு கைகுலுக்கலில் நேர முத்திரை போகிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையைச் சர்வர் நிராகரிக்கும். போர்டு மறுதொடக்கமாகிக் கடிகாரம் பின்னால் போனால் இணைப்பு வரவே வராது. நேரத்தைச் சரிசெய்த பிறகே வயர்கார்டை எழுப்புங்கள்.

படி 11: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

களத்தில் மாட்டும் முன் மேசைமேல் இவற்றைச் செய்யுங்கள். மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பு போதும். பல்பு எரியும்போது தொட்டி போர்டின் மோடம் மின்சாரத்தை நிறுத்துங்கள். 180 வினாடிக்குள் பல்பு அணைய வேண்டும். புரோக்கரை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஏற்றுங்கள். தேங்கிய பழைய கட்டளை எதுவும் பல்பை எரியவைக்கக் கூடாது. இரண்டு போர்டின் மின்சாரத்தையும் ஒரே நேரத்தில் துண்டித்துக் கொடுங்கள். நிறுவனத்தின் தளத்தில் சிம்மின் டேட்டாவை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து இயக்குங்கள். யாரும் தொடாமலே கருவி திரும்பி வர வேண்டும். பிறகு இரவு முழுக்கக் கட்டளை எதுவும் அனுப்பாமல் விட்டு, காலையில் முதல் கட்டளையை அனுப்புங்கள். பல்பு சில வினாடியில் எரிந்தால் களத்துக்கு எடுத்துப் போகலாம். எரியாவிட்டால் படி 8-க்குத் திரும்பித் துடிப்பு இடைவெளியைக் குறையுங்கள்.